கப்பலுக்கு ஒரு துணை

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது அலமு தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது பெட்டி பூட்டிக் கிடக்கிறது. அதன் மேலேயே அலமு உட்கார்ந்திருக்கிறாள், போர்ட்பிளேர் ஜங்லிகாட்டில் இருக்கிற வீட்டின் முன்னறையில், கதவைப் பார்த்தபடி. இன்றைக்குச் சாயங்காலம் கப்பல்.

கொஞ்சம் ஞாபகப்படுத்திவிடுகிறேன். அலமுவுக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் கண் திறக்காமலே போய்விட்டன. இந்தத் தடவை பிரசவம் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று கேட்டால் ஷிப்பிங் ஆபீஸ்காரரே வானத்தைப் பார்க்கிறார். மழைக்காலம். அடுத்தது வருவதற்குள் மாதம் ஏறிவிடும். அப்புறம் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள்.

புருஷன் கூடப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இராமகிருஷ்ணன் சர்க்கார் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். சாவியை வாங்கிக்கொள்ள வேண்டிய முத்துமணி கார் நிக்கோபார் தீவில் மாட்டிக்கொண்டார். அங்கே கடல் கொந்தளிப்பு. கப்பல் கரைக்குக் கிட்டவே வராமல் திரும்பிவிட்டது. முத்துமணி மணலில் நின்று குடையை ஆட்டிக்கொண்டிருந்தாராம். சாவி இங்கே, ஆள் அங்கே. லீவு கிடையாது.

அதனால்தான் துணை.

இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிப்போன வழக்கம். மெயின்லேண்டுக்குப் பெண்டு பிள்ளைகளை அனுப்ப வேண்டுமென்றால் முதலில் அந்தக் கப்பலில் நம்மவர்கள் யார் போகிறார்கள் என்று விசாரிப்பார்கள். போய்ப் பார்த்து, வெற்றிலை பாக்கு வைத்து, "எங்க வீட்டுப் பிள்ளையையும் ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க" என்று ஒப்படைத்துவிடுவார்கள். நடுக்கடல் தாண்டும்வரை அந்த ஆள்தான் அப்பா, அம்மா, எல்லாம். அலமு விஷயத்தில் இது வெறும் வழக்கமும் இல்லை. கூட ஒரு பெண் துணை இருந்தால் மட்டும் ஏற்றலாம் என்று டாக்டரே சீட்டில் எழுதியிருந்தார்.

துணையைக் கண்டுபிடித்தது ருக்கு. இராமகிருஷ்ணனுடைய அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள். இந்த வீட்டில் உப்பு தீர்ந்தாலும் அவளுக்குத்தான் தெரியும், யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் அவளுக்குத்தான் தெரியும். அவளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சாமி நேரில் வருவதில்லை, ஆளை அனுப்பும். அக்கவுண்டன்ட் வீட்டு நீலாவதி அதே கப்பலில் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, "முருகன் அனுப்பி வச்ச ஆளுட்டி அவ" என்று அலமுவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நீலாவதிக்குத் தென்காசிப் பக்கம். இவர்களுக்கும் தென்காசிப் பக்கம். விசாரித்ததில் தூரத்துச் சொந்தம்கூட வந்தது. முருகனைத் தவிர வேறு யார் இவ்வளவு பொருத்தமாக அனுப்ப முடியும்?

காலையில் நீலாவதியின் வீட்டுக்காரர் வந்தார். வாசலுக்கு வெளியே, தெருவிலேயே நின்றுகொண்டார். ருக்கு உள்ளே கூப்பிட்டாள். அவர் கையைக் காட்டி அங்கேயே நிற்கச் சொன்னார்.

"வீட்ல அம்மா வந்திருக்கா. சின்னவளுக்கு."

அவ்வளவுதான் சொன்னார்.

அம்மை. கப்பலில் அந்த வீட்டு ஆளை யாரையும் ஏற்ற மாட்டார்கள்.

ருக்குவால் கோபப்படக்கூட முடியவில்லை. வந்திருப்பது மாரியம்மா. அவளை யார் கேட்பது? நீலாவதியை முருகன் அனுப்பினான் என்றால், தடுத்து நிறுத்தியது அவனுடைய அம்மாவா? ருக்கு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேப்பிலை வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். நீலாவதி வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அலமு பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நான் அப்பவே நெனச்சேன்" என்றாள். எதை நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

இராமகிருஷ்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்பிங் ஆபீசுக்கு ஓடினான். நீலாவதியின் டிக்கெட்டை அக்கா பேருக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டான். ரத்தான இடம் காத்திருக்கிறவர்களில் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது, அது ஒரு சர்தார்ஜி என்றார்கள். கெஞ்சினான். அவர்களும் கெஞ்சினார்கள், எங்களை ஏன் சார் இப்படிச் சங்கடப்படுத்துகிறீர்கள் என்று. கப்பலில் போகிற தமிழ்ப் பெண்கள் யாராவது உண்டா என்று கேட்டதற்கு, இரண்டு பேர் கேபினில், ஆபீசர் வீட்டம்மாக்கள் என்றார்கள். அலமுவுக்கு டிக்கெட் அடித்தட்டில், பங்க் வகுப்பில். அங்கே அவர்கள் இறங்கி வரப்போவதில்லை.

திரும்பி வரும்போது அவன் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. மழையா வியர்வையா தெரியவில்லை. அக்காவைப் பார்த்துக் கையை விரித்தான்.

"ஏன்க்கா, பேசாம இங்கயே வச்சுப் பாத்தா என்ன?"

அலமுதான் பதில் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்ட இங்க வச்சுப் பாத்தாச்சுல்லா."

அவன் சைக்கிளைச் சுவரில் சாய்க்கிற சாக்கில் வெளியே போய்விட்டான்.

வழி சொன்னது பன்னீர்செல்வம். தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், ஊரில் யார் வீட்டில் என்ன வேகிறது என்பது வரை தெரிந்தவர். ருக்கு அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னதும், பருப்பு நிறுத்துக்கொண்டே யோசித்தார். டெய்ரி ஃபார்மில் மாடு வைத்திருக்கிற சொக்கலிங்கம் உண்டல்லவா, அவருடைய சம்சாரம் இதே கப்பலில் மெட்ராஸ் போகிறது என்றார். மகன் ஜெயமணி அங்கே படிக்கிறான், பார்க்கப் போகிறது. பங்க்தான்.

"நல்ல மனுஷி. தமிளு பேசும். கொஞ்சம் இந்தி கலந்து வரும், அம்புட்டுத்தான்" என்றார். பிறகு தராசைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவங்க இந்த ஊர்க்காரங்க. லோக்கல். தெரியும்ல?"

ருக்குவுக்குத் தெரியும். போர்ட்பிளேரில் 'லோக்கல்' என்றால் என்ன என்பது வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர்களுடைய தாத்தாக்கள் வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளாக வந்தவர்கள். தண்டனை முடிந்து இங்கேயே குடித்தனம் போட்டவர்கள். யார் எந்த ஊர், எந்தச் சாதி, என்ன வழக்கில் வந்தவர் என்பதை அந்த வீடுகளில் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. பக்கத்து வீட்டுக்காரன்கூடக் கேட்க மாட்டான். அது இந்த ஊரின் மரியாதை.

ருக்கு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டெய்ரி ஃபார்முக்கு நடந்தாள்.

தகரக் கூரை போட்ட மர வீடு. பின்னால் தொழுவத்தில் சொக்கலிங்கம் மாட்டுக்கு வைக்கோல் உதறுகிற சத்தம் கேட்டது. முன்னறையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், பச்சைப் புடவை, ஒரு பெரிய டிரங்குப் பெட்டிக்குள் தேங்காய்களைத் துணி சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். மெட்ராஸில் தேங்காய் கிடைக்காதா என்று ருக்குவுக்குத் தோன்றியது. நல்ல வேளை, அதைக் கேட்கவில்லை.

விஷயத்தைச் சொன்னாள். முதல் இரண்டு குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது அந்த அம்மாள் தேங்காயைக் கீழே வைத்துவிட்டாள்.

"அச்சா" என்றாள். "எனக்கே டர் லக்தா ஹை, பஹன். பயம். கப்பல் ஏறுனதே இல்ல. பொறந்ததுலேர்ந்து இங்கதான். ராத்திரி தூக்கம் வரல. துணைக்கு ஒரு பொண்ணு வருதுன்னா எனக்கும் அச்சாதான். நான் அதப் பாப்பேன், அது என்னப் பாக்கட்டும்."

ருக்குவுக்கு உடம்பே இளகிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. ருக்கு டம்ளரைப் பார்த்தாள். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்றாள். சும்மா சொன்னாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேற்று வீட்டில் கை நனைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, அவ்வளவுதான். அந்த அம்மாள் டம்ளரை ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம்.

நீங்களும் நானும் திருநெல்வேலிப் பக்கம் போனால் சாப்பாட்டுக்கு அடுத்த கேள்வி இதுதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்போம், கோயில் வாசலில் பூக்காரியிடம் கேட்போம். அதில் குற்றமே கிடையாது. தம்பி பெண்டாட்டியை ஒருத்தியின் கையில் கொடுக்கப்போகிறோம், அவள் யார் என்று தெரிய வேண்டாமா என்கிற பதற்றத்தில், பிறந்ததிலிருந்து நாக்கில் ஊறிய கேள்வி தானாக வந்து விழுந்துவிட்டது.

"உங்களுக்குச் சொந்த ஊரு எது?"

"இதுதான்" என்றாள் அந்த அம்மாள்.

"அது சரி. தாத்தா காலத்துல எந்தப் பக்கம்? எந்த வகையறா? இங்க எப்படி வந்தாக?"

தொழுவத்தில் வைக்கோல் உதறுகிற சத்தம் நின்றுபோனது.

ருக்குவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வாயில் கை வைத்தால் வார்த்தை திரும்பி உள்ளே போகுமா? அந்த அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒரு தேங்காயை எடுத்து நிதானமாகத் துணி சுற்றினாள்.

"நீ வந்த மாதிரிதான். ஜஹாஜ்ல, கப்பல்ல. நீ டிக்கெட் வாங்கி வந்தே. அவருக்கு சர்க்காரே வாங்கிக் குடுத்துச்சு."

ருக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"போ பஹன். வீட்ல அந்தப் பொண்ணு தனியா இருக்கும்."

அலமுவைக் கூட்டிப்போவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆறிப்போன டீ அப்படியே இருந்தது. ருக்கு வெளியே வந்தபோது தொழுவத்து வாசலில் சொக்கலிங்கம் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் மழை தூறியது. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று பன்னீர்செல்வத்திடமே கேட்டாள். அவர் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக நின்றார். வேண்டாம் என்றார்.

"போயி என்னம்மா சொல்லுவீங்க? ஒங்க தாத்தாவப் பத்திக் கேட்டது தப்புன்னா? மறுபடியும் அந்தப் பேச்சத்தானே எடுக்கணும்?"

ருக்கு முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அலமுவிடம் மறைக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், டீயைக் குடிக்காததையும் சேர்த்து. அலமு பெட்டி மேல் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"சாமி ஆள அனுப்பும்னு நீங்கதான மதினி சொல்லுவீங்க."

"ஆமா."

"அனுப்புன ஆளுகிட்டப் போயி, நீ எந்த ஊரு, எந்த வகையறான்னு கேட்டா, சாமி என்னதான் செய்யும்?"

தம்பி பெண்டாட்டி இத்தனை வருஷத்தில் ருக்குவை ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. இதுவும் எதிர்த்துச் சொன்னது இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சுவரில் முருகன் படத்தைப் பார்த்தாள். நீலாவதியை நீதான் அனுப்பினாய் என்று அவ்வளவு நிச்சயமாகச் சொன்னவளுக்கு, இப்போது எதையும் நிச்சயமாகக் கேட்கத் தெரியவில்லை. யாரையாவது என்றாள். யாரையாவது.

இராமகிருஷ்ணன் ஆபீஸ் ஜீப்பைக் கேட்டு வாங்கி வந்தான். போவோம், அங்கே பார்ப்போம் என்றான். அங்கே என்ன பார்க்கப்போகிறோம் என்று அவனுக்கும் தெரியாது. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதுதான் காரணம்.

கப்பல் நிற்கிற சாத்தாம் ஜெட்டி முழுக்க ஜனம். மர ஆலையிலிருந்து ஈரத் தூள் வாசனை. வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், எல்லோரும் ஒரே இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏணிப்படிக்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் டிக்கெட் உள்ளவர்கள் மட்டும். கப்பல் டாக்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொருவர் கண்ணையும் நாக்கையும் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

ருக்கு அலமுவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். பின்னால் வருகிறவர்களை முன்னால் போகச் சொன்னாள். ஒரு குடும்பம் போனது. ஒரு சர்தார்ஜி போனார். நீலாவதியின் இடம் அவருடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவர்மேல் ஒரு கோபம் வந்தது, பாவம். வரிசை குறைந்துகொண்டே வந்தது. யாரிடமாவது போய்க் காலில் விழலாமா என்று முகம் முகமாகப் பார்த்தாள்.

அப்போதுதான் சொக்கலிங்கம் தலையில் டிரங்குப் பெட்டியோடு கூட்டத்தைப் பிளந்து வந்தார். பின்னால் அந்தப் பச்சைப் புடவை.

ருக்குவைப் பார்த்தாளா என்றால், பார்த்தாள். ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கடந்துபோனாள். பெட்டியைக் கூலியாள் வாங்கிக்கொண்டான். சொக்கலிங்கம் கயிற்றோடு நின்றுவிட்டார். அவர் அவளுடைய முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு வைக்கோலை எடுத்துப் போட்டார்.

அலமு ருக்குவின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். கயிற்றைத் தாண்டி நேராகப் போய் அந்த அம்மாளின் பின்னால் நின்றாள். கும்பிடக்கூட இல்லை. அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் அந்த அம்மாளைப் பார்த்து அனுப்பிவிட்டார். அலமுவின் சீட்டை வாங்கிப் படித்தார். முகம் மாறியது. கூட யார் என்று இந்தியில் கேட்டார். அலமு ஏணிப்படிப் பக்கம் பார்த்தாள். அவர் மறுபடி கேட்டார். துணை இல்லாமல் முடியாது, ஓரமாக நில் என்று சீட்டைத் திருப்பி நீட்டினார்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் இராமகிருஷ்ணன் கயிற்றை இறுக்கிப் பிடித்தான். ருக்கு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏணிப்படியில் ஒரு கால் வைத்திருந்த அந்த அம்மாள் திரும்பினாள். அலமுவின் முகத்தைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். வீங்கிய காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மேரே சாத் ஹை" என்றாள் டாக்டரிடம். என் கூடத்தான்.

என்ன உறவு என்று டாக்டர் கேட்டார்.

"அது மெட்ராஸ் போயிச் சேந்ததும் சொல்றேன்" என்று இந்தியிலேயே சொல்லிவிட்டு, இறங்கி வந்து அலமுவின் கைப்பையை வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்துவிட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். இராமகிருஷ்ணன் தகரப் பெட்டியைக் கூலியாள் தலையில் ஏற்றிவிட்டான்.

ருக்கு கயிற்றுமேல் பாதி சாய்ந்து கட்டுச்சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். எலுமிச்சம்பழச் சாதம், இரண்டு பேருக்குமாகக் கட்டியது. "நீங்களும் சாப்பிடணும்" என்றாள்.

அந்த அம்மாள் பொட்டலத்தை வாங்கி அலமுவின் கையில் வைத்தாள்.

"அது சாப்பிடட்டும். நான் இப்பத்தான் சாப்பிட்டேன்."

அவ்வளவுதான் ருக்குவுக்குக் கிடைத்தது. இரண்டு பேரும் ஏறினார்கள். முன்னால் அலமு, பின்னால் அந்தப் பச்சைப் புடவை. நடுவில் ஒரு தடவை ஏணி ஆடியபோது பயந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டது அலமு இல்லை, அந்த அம்மாள்தான். அலமு நின்று, திரும்பி, கையைக் கொடுத்தாள்.

ஏணியை எடுத்தார்கள். கயிறுகளை அவிழ்த்தார்கள். கப்பல் ஊதியது. கரையில் எல்லோரும் கையாட்டினார்கள், அழுதார்கள், போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடச் சொல்லிக் கத்தினார்கள். இராமகிருஷ்ணன் கூட்டத்தில் முன்னால் போய் நின்று கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான். மேலே கம்பியோரம் அலமு தெரிந்தாள். அவளும் கையாட்டினாள்.

ஆட்டிக்கொண்டிருந்த கை சட்டென்று கீழே வந்தது. கம்பியைப் பிடித்தது. அலமு குனிந்தாள். இடுப்பிலிருந்து மடிந்தமாதிரி குனிந்தாள்.

ஜெட்டிக்கும் கப்பலுக்கும் நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றான் இராமகிருஷ்ணன்.

ருக்குவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வலியா, வாந்தியா, அழுகையா? இங்கிருந்து எப்படித் தெரியும்? அலமுவின் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. ஒன்று அக்குளுக்குக் கீழே நுழைந்தது, ஒன்று நெற்றியைப் பிடித்தது. பச்சைப் புடவை ஒரு கணம் அவளை முழுக்க மறைத்தது. அப்புறம் இரண்டு பேரையும் காணவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். கம்பியோரம் இப்போது வேறு யாரோ நின்று கையாட்டினார்கள்.

முருகா என்று வாய் வரைக்கும் வந்தது. ருக்கு சொல்லவில்லை. சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. அந்த இரண்டு கைகளுக்குச் சொந்தக்காரி தன்னை மன்னிக்கவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். மன்னிக்காமலேதான் அந்தக் கைகள் நீண்டன. அவள் நின்ற இடத்திலேயே அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிடுகிறோம் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

கப்பல் முனையைத் திரும்பியதும் கூட்டம் கலைந்தது. இராமகிருஷ்ணன்தான் முதலில் சுதாரித்தான். தந்தி ஆபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும். மெட்ராஸ் துறைமுகத்துக்கு அலமுவின் அண்ணன் கிருஷ்ணமூர்த்தி வருவான். அவனுக்கு நீலாவதியைத் தேடச் சொல்லித்தான் எழுதியிருக்கிறது. அத்தனை ஜனத்தில், பங்க் வகுப்பு இறங்குகிற நெரிசலில், அலமுவுக்கு வாய் திறந்து பேச முடியாத நிலைமை என்றால் அவன் யாரை என்று கேட்பான்?

"யாரு கூட வாரான்னு சொல்லித் தந்தி குடுத்திருவோம்க்கா. அந்தம்மா பேரு என்ன?"

ருக்கு தம்பியைப் பார்த்தாள்.

ஊர் கேட்டாள். தாத்தாவைக் கேட்டாள். வகையறா கேட்டாள்.

"பேரு கேக்கலடா" என்றாள்.

அவன் நம்பாமல் அக்காவைப் பார்த்தான். பன்னீர்செல்வத்துக்குத் தெரிந்திருக்கும் என்றான். அவருக்கும் சொக்கலிங்கம் சம்சாரம் என்று சொல்லித்தான் பழக்கம். டாக்டர் சீட்டில் எழுதியிருப்பார், டாக்டர் கப்பலோடு போய்விட்டார். ஷிப்பிங் ஆபீஸ் இந்நேரம் பூட்டியிருக்கும்.

ஜெட்டியின் கடைசியில் சொக்கலிங்கம் நின்றுகொண்டிருந்தார். கப்பல் மறைந்த திசையைப் பார்த்தபடி, தலையில் சுமந்த பெட்டியின் சும்மாட்டுத் துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு. கல்யாணமானதிலிருந்து அந்த அம்மாள் அவரை விட்டு எங்கேயும் போனதில்லை.

ருக்கு அவரை நோக்கி நடந்தாள். காலடிச் சத்தம் கேட்டு அவர் திரும்பினார். யாரென்று தெரிந்ததும் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் வருகிற பக்கத்தை விட்டு மர அடுக்குகளின் ஓரமாக நடக்க ஆரம்பித்தார்.

ருக்கு வேகமாக நடந்தாள். அப்புறம் ஓடினாள். நாலு பேர் பார்க்க ஓடுகிற வயதும் இல்லை, வழக்கமும் இல்லை.

"அண்ணாச்சி, நில்லுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் சொக்கலிங்கத்தின் நடை இன்னும் வேகமானது.